ஆராய்ச்சிக் கட்டுரை, வகுப்பு, கதை: மூன்றையும் ஒரே நேரத்தில் எழுதியவர்கள் இருக்கிறீர்களா?

ஓரக்குறிப்பு எழுதியது:

ஆங்கில முதுகலை, கடைசி செமஸ்டர். தீசிஸில் மூன்றாவது அத்தியாயம் பாக்கி. கொஞ்ச நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன். இதே வழியில் போனவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

இந்த இரண்டு வருடத்தில் மூன்று விதமாக எழுத வேண்டியிருந்தது. செமினார் பேப்பர், தீசிஸ் எல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வகுப்பு. முதலாம் ஆண்டு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கும் உதவி ஆசிரியர் வேலை, அதற்கான பாடக்குறிப்பு, அசைன்மென்ட் கேள்விகள், எல்லாவற்றுக்கும் மேலாக அவர்கள் தாளின் ஓரத்தில் நான் எழுதும் குறிப்புகள். மூன்றாவது, கதை எழுதுவது. விருப்பப் பாடமாக எடுத்த படைப்பெழுத்துப் பட்டறை.

சேரும்போது இதில் தீசிஸ்தான் அசல் வேலை, வகுப்பு எடுப்பது உதவித்தொகைக்காக, கதை என் ஆசைக்காக என்று பிரித்து வைத்திருந்தேன். அந்தப் பிரிவு ஒரு செமஸ்டர்கூடத் தாங்கவில்லை. ஒன்றில் நான் செய்துகொண்டிருந்த தப்பு, இன்னொன்றை எழுதும்போதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

முதல் செமஸ்டரில் 22 மாணவர்கள். முதல் கட்டுரை வந்ததும் சனி ஞாயிறு முழுக்க உட்கார்ந்து திருத்தினேன். திங்கட்கிழமை வகுப்பு முடிந்ததும் ஒரு பெண் தாளோடு வந்து நின்றாள். இரண்டாம் பக்கத்தில் ஒரு பத்திக்கு நேராக "தெளிவில்லை" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தேன். "எது தெளிவில்லை மேடம்? எனக்குப் படிச்சா புரியுதே" என்றாள். எதிர்த்துப் பேசவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் அங்கேயே நின்று அந்தப் பத்தியை மறுபடி படித்தேன். வாக்கியம் வாக்கியமாகப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் நான்காவது வாக்கியத்தில், அதுவரை சொல்லவே சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்ட மாதிரி எடுத்துக்கொண்டு மேலே போயிருந்தாள். அது அவள் மனசில் இருந்தது, தாளில் இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கே ஐந்து நிமிடம் பிடித்தது. அந்த ஐந்து நிமிடத்தைத் திருத்தும்போது செலவழிக்காமல், ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டு அடுத்த தாளுக்குத் தாவியிருக்கிறேன்.

அதே வாரம் என்னுடைய செமினார் பேப்பர் திரும்பி வந்தது. மூன்றாம் பக்க ஓரத்தில் பென்சிலால் "அதனால்?" என்று மட்டும் எழுதியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. அதனால் என்ன என்பதுதான் தெரிகிறதே, இதைக்கூடவா விளக்க வேண்டும் என்று. ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. நான் சொல்வதும் அந்தப் பெண் சொன்னதும் ஒரே வாக்கியம்.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?


சிவப்பு மை எழுதியது:

நடந்திருக்கிறது. 11 வருடமாக முதலாம் ஆண்டுக்குக் கட்டுரை வகுப்பு எடுக்கிறேன், இன்னமும் நடக்கிறது.

நீங்கள் சொன்ன "தெளிவில்லை" பற்றி ஒரு விஷயம். நான்சி சாமர்ஸ் என்ற ஆய்வாளர் 1982-ல் ஆசிரியர்களின் திருத்தக் குறிப்புகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எங்கள் துறையில் கற்பிக்க வரும் எல்லோரிடமும் நான் முதலில் கொடுப்பது அதைத்தான். அவர் கவனித்ததில் முக்கியமானது இரண்டு. பெரும்பாலான குறிப்புகளை ஒரு தாளிலிருந்து பெயர்த்து இன்னொரு தாளில் ஒட்டினாலும் பொருந்தும், ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி. இன்னொன்று இதைவிட மோசம். ஒரே பத்தியில் காற்புள்ளியைத் திருத்தச் சொல்லி ஒரு குறிப்பு இருக்கும், பக்கத்திலேயே இந்தப் பத்தியை இன்னும் விரித்து எழுது என்று இன்னொன்று இருக்கும். பாவம், அந்த மாணவர் எதைச் செய்வார்? விரித்து எழுதினால் அந்த வாக்கியமே இருக்கப்போவதில்லை, அப்புறம் அதற்குக் காற்புள்ளி எதற்கு?

இதைப் படித்த பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஓரத்தில் ஏதாவது எழுதியதும், இதே குறிப்பு முந்தைய தாளுக்கும் பொருந்துமா என்று பார்ப்பேன். பொருந்தினால் அடித்துவிட்டு அந்தத் தாளில் இருக்கிற ஒரு சொல்லையாவது தொட்டு எழுதுவேன். நேரம் கூடும் என்று பயப்பட வேண்டாம். குறிப்புகளின் எண்ணிக்கை தானாகக் குறைந்துவிடும்.

இலக்கணப் பிழைகளுக்கு வேறொரு வழி இருக்கிறது. ரிச்சர்ட் ஹாஸ்வெல் என்ற பேராசிரியர் 1983-ல் எழுதியது. எழுத்துப்பிழை, நிறுத்தற்குறிப் பிழை இருக்கும் வரிக்கு நேராக ஓரத்தில் ஒரு சின்ன டிக் மட்டும் போடுங்கள். என்ன பிழை என்று சொல்லக்கூடாது. ஒரே வரியில் இரண்டு பிழை இருந்தால் இரண்டு டிக். மாணவர் தானே தேடித் திருத்திக் கொடுத்த பிறகுதான் மார்க். அவர் வகுப்பில் பாதிக்கு மேற்பட்ட பிழைகளை மாணவர்களே கண்டுபிடித்துத் திருத்தினார்களாம். என் வகுப்பிலும் கிட்டத்தட்ட அப்படித்தான் ஆகிறது. அவர்களுக்குத் தெரியாத பிழை ரொம்பக் குறைவு, பார்க்காமல் விட்டதுதான் அதிகம்.


இரவு வாசகி எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படியெல்லாம் அழகாகச் சேர்ந்து வரும் என்று புதிதாகச் சேருபவர்கள் நம்பிவிடக்கூடாது என்பதால் சொல்கிறேன். எனக்கு இரண்டு பிரிவு, மொத்தம் 40 மாணவர்கள். ஒரு தாளுக்கு 20 நிமிடம் என்று வைத்தாலும் 800 நிமிடம், 13 மணி நேரத்துக்கு மேல். இது ஒரு கட்டுரைக்கு. செமஸ்டருக்கு நான்கு கட்டுரை, அதில் இரண்டுக்கு டிராஃப்டும் பார்க்க வேண்டும். அந்த வாரங்களில் என் தீசிஸ் கோப்பைத் திறந்ததே இல்லை. கடைசியில் இரண்டு செமஸ்டர் தள்ளிப்போனது. கதை எழுதுவேன் என்று சேர்ந்தவள் நான். படிப்பு முடியும்வரை ஒரு கதைகூட எழுதவில்லை, முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் மறுபடி பேனாவை எடுத்தேன்.

மாணவர்களின் எழுத்திலிருந்து நானும் கற்றுக்கொண்டேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வளர்ச்சி என்று சொல்லும்போது அதற்கு ஆகிற மணிக்கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் விட்டால், முடியாமல் திணறுபவர்கள் தங்களிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டு இரண்டு வருடத்தைக் கழித்தேன்.


ஓரக்குறிப்பு எழுதியது:

இரவு வாசகி, நீங்கள் இதைச் சொன்னது நல்லதாயிற்று. நான் முதல் பதிவில் மணிக்கணக்கைச் சொல்லவில்லை. எனக்கு 22 பேர்தான், ஒரே பிரிவு. 40 பேர் இருந்திருந்தால் இந்த இழையை நான் தொடங்கியிருக்கவே மாட்டேன் என்று நினைக்கிறேன். இது முழுக்கத் தனிப்பட்ட முயற்சியைப் பொறுத்தது இல்லை, எத்தனை தாள் கையில் திணிக்கப்படுகிறது என்பதையும் பொறுத்தது.

நான் நேரத்தை எப்படிச் சமாளித்தேன் என்று கேட்டால், பேனாவை மேசையின் மறுபக்கம் வைத்துவிட்டு ஒரு தாளை முதலில் முழுசாகப் படிப்பேன். இரண்டாவது முறைதான் பேனா. கேட்க இது இரட்டை வேலை மாதிரி இருக்கும். ஆனால் கையில் பேனா இருந்தால் முதல் பத்தியிலேயே எட்டுக் குறிப்பு எழுதிவிடுவேன், கடைசிப் பத்தியில்தான் அந்த மாணவர் உண்மையில் சொல்ல வந்தது இருக்கும். நிறைய முதல் டிராஃப்டில் அப்படித்தான், வாதம் கடைசிப் பத்தியில் வந்து உட்கார்ந்திருக்கும். எழுதிப் பார்த்துத்தான் தாங்கள் நினைப்பது என்ன என்றே கண்டுபிடிக்கிறார்கள். அப்போது எழுத வேண்டிய குறிப்பு ஒன்றுதான். கடைசிப் பத்தியை மேலே கொண்டுவா, மற்றதை அதற்கு ஏற்ப மாற்று. முடிந்தது.

இனி தீசிஸ் பக்கம். ஜான் ஸ்வேல்ஸ் என்ற மொழியியலாளர் 1990-ல் ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளைப் பிரித்துப் பார்த்து, அவற்றில் மூன்று நகர்வுகள் இருப்பதாகச் சொன்னது பலருக்குத் தெரிந்திருக்கும். முதலில் களத்தைக் காட்டுவது, அப்புறம் அந்தக் களத்தில் காலியாகக் கிடக்கும் இடத்தைக் காட்டுவது, பிறகு அந்த இடத்தில் நாம் போய் உட்காருவது. இதை மாணவர்களுக்கு விளக்க ஒரு பாடக்குறிப்பு தயார் செய்தேன். உதாரணத்துக்கு எங்கேயோ தேடுவானேன், என் முன்னுரையையே காட்டலாம் என்று எடுத்து, மூன்று நகர்வுக்கும் மூன்று நிறத்தில் கோடு போட ஆரம்பித்தேன், களத்துக்கு மஞ்சள், காலி இடத்துக்குப் பச்சை என்று. மஞ்சள் நிறம் ஒன்பது பக்கத்துக்குப் போயிற்று. அவர் இப்படிச் சொன்னார், இவர் இப்படிச் சொன்னார், இன்னொருவர் மறுத்தார். பச்சையைக் காணவே காணோம். பத்தாவது பக்கத்தில் திடீரென்று "இந்த ஆய்வில்" என்று தொடங்கிவிட்டேன். வகுப்புக்குத் தயார் செய்யாமல் இருந்திருந்தால் அந்த முன்னுரையை அப்படியே கொடுத்திருப்பேன்.

அதில் இருந்த வாக்கியம் ஒன்றைத் தமிழில் தருகிறேன்: "இந்த ஆய்வில் கதைசொல்லியின் நம்பகத்தன்மை பல்வேறு கோணங்களில் ஆராயப்படுகிறது." இப்போது அதே இடத்தில் இருப்பது: "இதுவரை எழுதியவர்கள் கதைசொல்லி எங்கே பொய் சொல்கிறார் என்று தேடினார்கள், நான் அவர் எங்கே தேவைக்கு அதிகமாக உண்மை சொல்கிறார் என்று பார்க்கிறேன்." முதல் வாக்கியத்தை எந்த தீசிஸில் வேண்டுமானாலும் செருகலாம். சிவப்பு மை சொன்ன ரப்பர் ஸ்டாம்ப்தான்.


கதைப்பித்தன் எழுதியது:

இந்த இரண்டாவது வாக்கியம் நன்றாக இருக்கிறது. இதை எப்படிப் பிடித்தீர்கள்?

எனக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். முதுகலைக்கு வரும் முன்பு கதை தானாக வரும். இலக்கியக் கோட்பாடு படிக்கப் படிக்க, ஒரு பாத்திரம் வாயைத் திறக்கும் முன்பே இது எதைக் குறிக்கிறது, யாருடைய குரல், இதை ஒரு விமர்சகர் எப்படிப் படிப்பார் என்று மண்டைக்குள் ஒருவர் பேச ஆரம்பித்துவிடுகிறார். என் கதையில் இப்போது எல்லோரும் தங்களைத் தாங்களே விளக்கிக்கொள்கிறார்கள். ஒரு அம்மா மகனோடு சண்டை போடும் காட்சி எழுதினேன். சண்டையின் நடுவே அவள் தன் கோபத்துக்குக் காரணத்தை இரண்டு முழு வாக்கியத்தில் சொல்கிறாள். எந்த அம்மா அப்படிச் சண்டை போடுவாள்? ஆராய்ச்சி எழுத்தில் சொல்ல வந்ததைச் சொல்லியே ஆக வேண்டும், கதையில் சொல்லாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டும் ஒரே கையில் எப்படி வரும்?


ஓரக்குறிப்பு எழுதியது:

கதைப்பித்தன், அந்த வாக்கியம் வந்ததே கதையிலிருந்துதான்.

நம்பமுடியாத கதைசொல்லி, அதாவது சொல்வதை அப்படியே நம்ப முடியாத கதைசொல்லி என்ற கருத்துக்குப் பெயர் வைத்தவர் வெய்ன் பூத் என்ற அமெரிக்க விமர்சகர், 1961-ல். அதைத்தான் தீசிஸுக்கு எடுத்திருந்தேன். ஒரு வருடம் படித்தேன், குறிப்பெடுத்தேன், அப்படிப்பட்ட கதைசொல்லி எப்படி வேலை செய்கிறார் என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். சரி, நாமே ஒருவரை எழுதிப் பார்க்கலாம் என்று பட்டறைக்கு ஒரு கதை எழுதினேன். படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவைக் கவனித்துக்கொள்ளும் மூத்த மகன் சொல்வதாகக் கதை. எல்லாவற்றுக்கும் மணி சொல்வான். 2.10-க்கு மருந்து கொடுத்தேன், 4.40-க்குப் போர்வை மாற்றினேன். ஒரு இரவு அவன் வீட்டிலேயே இல்லை, அதை மறைக்கிறான். இதுதான் கதை.

எங்கள் பட்டறையில், கதையை மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாயைத் திறக்கக்கூடாது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகம் 1936-ல் தொடங்கிய பட்டறையின் வழியாகப் பரவிய முறை என்பார்கள். ஒன்பது பேர் படித்திருந்தார்கள். ஏழு பேர் அந்த மகனை முழுசாக நம்பியிருந்தார்கள். எவ்வளவு பாசம், எவ்வளவு பொறுப்பு என்று பேசிக்கொண்டே போனார்கள். எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. இல்லை, அவன் பொய் சொல்கிறான் என்று கத்த வேண்டும் போல இருந்தது. பேசக்கூடாது. பேசாமல் இருந்ததால் மட்டுமே ஒன்று விளங்கிற்று: மணிக்கணக்கு அவ்வளவு துல்லியமாக இருந்ததால்தான் அவனை நம்பினார்கள். அப்போது கடைசியில் இருந்த ஒருவர் மெதுவாகக் கேட்டார். "இவன் எல்லாவற்றுக்கும் மணி சொல்கிறான், ஆனால் அப்பா என்ன சொன்னார் என்று ஒரு இடத்தில்கூடச் சொல்லவில்லையே, ஏன்?"

எனக்கே தெரியாது. யோசித்து வைத்ததில்லை. அந்தக் கேள்வியைத்தான் தீசிஸுக்கு எடுத்துப்போனேன். நான் ஆராய்ந்துகொண்டிருந்த நாவல்களில் கதைசொல்லி மிகத் துல்லியமாகப் பேசும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பக்கத்தில் என்ன இல்லை என்று பார்க்க ஆரம்பித்தேன். மூன்றாவது அத்தியாயமே அதுதான்.

நீங்கள் சொன்ன தப்பையும் நான் செய்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லையே என்று அடுத்த டிராஃப்டில் கடைசியில் தங்கை ஒருத்தியைக் கொண்டுவந்து உண்மையைச் சொல்ல வைத்தேன். சொன்னது தங்கை இல்லை, நான். ஆய்வுக் கட்டுரையின் முடிவுரையைக் கொண்டுவந்து அவள் வாயில் வைத்திருந்தேன். அப்புறம் தங்கையை எடுத்துவிட்டேன். அந்த ஒரு இரவுக்கு மட்டும் மணி சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதான் திருத்தம். எல்லா இரவுக்கும் மணி இருக்கிறது, அதற்கு மட்டும் "அன்றும் வழக்கம்போலத்தான்" என்று ஒரு வரி. இந்த முறை பாதிப் பேர் அங்கே நின்றார்கள்.

இரண்டும் ஒரே கையில் வருமா என்றால், ஒரே நாளில் எனக்கு வருவதில்லை. காலையில் கதை, மாலையில் தீசிஸ் என்று பிரித்துப் பார்த்தேன், கைகூடவில்லை. வாரத்தில் இரண்டு நாள் கதைக்கு, அன்றைக்கு ஆய்வு நூல் எதையும் திறப்பதில்லை. விமர்சகரை வாயை மூடச் சொல்ல வேண்டாம், முதல் டிராஃப்ட் முடியும்வரை காத்திருக்கச் சொன்னால் போதும். இரண்டாவது டிராஃப்டுக்கு அவர் நிஜமாகவே தேவைப்படுகிறார்.


தூரத்து மணி எழுதியது:

அந்த மௌன விதி பற்றி ஒரு வார்த்தை. உங்களுக்கு அது உதவியிருக்கிறது, சந்தோஷம். எனக்கு அது பெரிய கெடுதல் செய்தது. என் கதையில் வரும் குடும்ப உறவுமுறை பட்டறையில் இருந்த யாருக்கும் பழக்கமில்லாதது. இவள் ஏன் மாமியாரிடம் கோபத்தைக் காட்டவில்லை, நம்பும்படி இல்லை என்று 25 நிமிடம் பேசினார்கள். அது பாத்திரத்தின் பலவீனம் இல்லை, அவர்களுக்குத் தெரியாத ஒன்று என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அடுத்த டிராஃப்டில் அவளைக் கத்த வைத்தேன். அவர்களுக்குப் பிடித்தது. எனக்கு அந்தக் கதை அந்நியமாகிப் போயிற்று. இன்றுவரை அதை எடுத்துப் படிக்கவில்லை.

இந்த விதியைப் பற்றி இப்போது நிறையப் பேர் கேள்வி எழுப்புகிறார்கள். மாற்று முறைகளும் இருக்கின்றன. நான் வகுப்பு எடுக்கும்போது லிஸ் லெர்மன் என்ற நடன இயக்குநர் 1990-ல் உருவாக்கிய முறையைப் பின்பற்றுகிறேன், எழுத்துக்கும் அது நன்றாகப் பொருந்துகிறது. முதலில் படித்தவர்கள் தங்கள் மனதில் நின்றது எது என்று சொல்வார்கள். அடுத்து எழுதியவர் கேள்வி கேட்பார். பிறகு படித்தவர்கள் கேட்கலாம், ஆனால் கேள்விக்குள் தீர்ப்பு ஒளிந்திருக்கக்கூடாது. கடைசியில்தான் கருத்து, அதுவும் எழுதியவர் சம்மதித்தால். "இவள் ஏன் இவ்வளவு பயந்தவளாக இருக்கிறாள்" என்பது தீர்ப்பு. "இந்த வீட்டில் யார் யாரிடம் கோபப்படலாம்" என்பது கேள்வி. என்னிடம் அன்று இந்த இரண்டாவதைக் கேட்டிருந்தால் நான் நான்கு பக்கம் புதிதாக எழுதியிருப்பேன்.


ஓரக்குறிப்பு எழுதியது:

நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். என் கதை அங்கே இருந்தவர்களுக்குப் புரியக்கூடிய கதை என்பதால்தான் மௌனம் எனக்கு உதவியது. இதை நான் யோசிக்கவே இல்லை. "யார் யாரிடம் கோபப்படலாம்" என்ற கேள்வியைக் குறித்து வைத்துக்கொண்டேன்.


முதல் செமஸ்டர் எழுதியது:

வணக்கம். இந்த வருடம்தான் சேர்ந்தேன். எல்லாவற்றையும் படித்துவிட்டுத் தயங்கித் தயங்கி எழுதுகிறேன். எனக்கு முதல் பயம் மொழிதான். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்தவன். இலக்கியம் புரிகிறது, வகுப்பில் பேசவும் செய்கிறேன், எழுத உட்கார்ந்தால் ஒரு வாக்கியத்தை ஏழு தடவை அழிக்கிறேன். முன்னிடைச்சொல் (in, on மாதிரி) எங்கே, ஒருமை பன்மை சரியா என்று பார்ப்பதற்குள் சொல்ல வந்ததே மறந்துபோகிறது. அடுத்த வருடம் நானும் வகுப்பு எடுக்க வேண்டும். என்னிடம் இருக்கும் பிழையை வைத்துக்கொண்டு இன்னொருவர் பிழையை எப்படித் திருத்துவது? மூத்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.


சிவப்பு மை எழுதியது:

தம்பி, நானும் அப்படி வந்தவன்தான்.

மினா ஷாக்னஸி என்று ஒருவர் இருந்தார், நியூயார்க்கில் சிட்டி காலேஜில் வகுப்பு எடுத்தவர். 1970-ல் அங்கே சேர்க்கை விதிகள் தளர்த்தப்பட்டு, அதுவரை உயர்கல்வி எட்டாமல் இருந்த ஏராளமான மாணவர்கள் உள்ளே வந்தார்கள். இவர்களுக்கு எழுத்தே வராது என்று பலர் கைகழுவியபோது, அவர் அந்த மாணவர்கள் எழுதிய சுமார் 4,000 கட்டுரைகளை எடுத்து வைத்துப் படித்தார். 1977-ல் அது புத்தகமாக வந்தது. பிழைகள் கண்டபடி வருவதில்லை, ஒவ்வொன்றுக்கும் பின்னால் எழுதியவருடைய ஒரு கணக்கு இருக்கிறது என்று காட்டினார். எங்கேயோ கற்ற ஒரு விதியைத் தப்பான இடத்தில் பொருத்துவார், அல்லது பேச்சின் ஒழுங்கை எழுத்துக்குக் கொண்டுவருவார்.

உங்கள் கடைசி மூன்று பேப்பரை எடுங்கள். திருத்திய இடங்களை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். நூறு விதமான பிழை இருக்காது. நான்கைந்து விதம்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கும். எனக்கு முன்னிடைச்சொல்லும், தமிழ் வாக்கியம் மாதிரி வினையைக் கடைசிக்குத் தள்ளும் நீளமான வாக்கியங்களும்தான். இது தெரிந்துவிட்டால் எழுதும்போது அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். எழுதி முடித்துவிட்டு, அந்த நான்கைந்தை மட்டும் தேடிக்கொண்டு ஒரு தடவை படியுங்கள். எழுதும் நேரம் வேறு, தேடும் நேரம் வேறு. இரண்டையும் சேர்ப்பதால்தான் ஏழு தடவை அழிக்கிறீர்கள்.

வகுப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். தன் பிழையை இப்படிப் பட்டியல் போட்டுப் பார்த்தவர் இன்னொருவர் தாளை எடுக்கும்போது, தப்பு என்று அடிக்கும் முன் இது எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசிப்பார். அந்த வகுப்பில் உட்காரும் மாணவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.


இரவு வாசகி எழுதியது:

தம்பிக்கு நானும் ஒன்று சொல்கிறேன். அடுத்த வருடம் வகுப்பு கிடைக்கும்போது எத்தனை பேர், எத்தனை கட்டுரை, டிராஃப்டும் பார்க்க வேண்டுமா என்று முதலிலேயே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். இன்னொன்று, கைடிடம் தேதி வாங்கும்போது உங்கள் திருத்தும் வாரங்களைக் காட்டி வாங்குங்கள். நான் இரண்டையுமே செய்யவில்லை.

ஓரக்குறிப்பு, உங்கள் கதையைப் படித்துக்கொண்டே வந்தபோது எனக்கும் ஒன்று ஞாபகம் வந்தது. என் மாணவர் ஒருவர் கட்டுரை முழுக்கப் புள்ளிவிவரமாக அடுக்குவார். எவ்வளவு சொல்லியும் குறைக்கவில்லை. வாதம் எங்கே இருக்க வேண்டுமோ அந்த இடத்தைச் சுற்றித்தான் எண்கள் அதிகமாக இருந்தன என்று இப்போது தோன்றுகிறது. உங்கள் மூத்த மகன் மாதிரி. அன்று நான் எண்களைக் குறை என்றுதான் எழுதினேன். இந்த எண்களுக்குப் பக்கத்தில் நீ சொல்லாமல் விட்டது என்ன என்று கேட்டிருக்க வேண்டும்.


ஓரக்குறிப்பு எழுதியது:

இரவு வாசகி, அந்தக் கேள்வியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். என் மூன்றாவது அத்தியாயத்தில் 14-ம் பக்கத்தில் மேற்கோளுக்கு மேல் மேற்கோளாக ஒரு இடம் இருக்கிறது. நாளைக் காலை அங்கேதான் உட்காரப்போகிறேன்.

தம்பி, சிவப்பு மை சொன்ன பட்டியலைப் போட்டுப் பாருங்கள், நானும் இன்று ராத்திரி போடுகிறேன்.

முதல் பதிவில் சொன்ன அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்று மிச்சம் இருக்கிறது. அந்த "தெளிவில்லை"க்குப் பிறகு நான் அவள் தாள்களில் எழுதியதெல்லாம் கேள்விதான். மூன்றாவது வாக்கியத்துக்கும் நான்காவதுக்கும் நடுவே நீ எனக்குச் சொல்லாதது என்ன, இந்த மாதிரி. செமஸ்டர் கடைசியில் இறுதிக் கட்டுரையின் டிராஃப்டைக் கொண்டுவந்தாள். அச்செடுத்த தாள். இரண்டாம் பக்கத்தில் இரண்டு வாக்கியத்துக்கு நடுவே பேனாவால் ஒரு அம்புக்குறி போட்டு, ஓரத்தில் "இங்கே மேடம் கேட்பாங்க" என்று சின்னதாக எழுதி, அதன் கீழே புதிதாக ஒரு வாக்கியம் சேர்த்திருந்தாள். அவசரமாக எழுதியது, ஒரு சொல் அடித்திருந்தது. நான் கேட்டிருப்பேன், நிச்சயமாக அந்த இடத்தில்தான் கேட்டிருப்பேன். அவள் எழுதியிருந்த பதில் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது.